பத்து பதினெட்டு

என் கணவர் என்னை எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்று யாராவது புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "குடுத்து வெச்சவங்க நீங்க" என்பார்கள், கோயிலில் பார்க்கும் பெண்கள். ஒரு வாரம் அவரை அவர்கள் வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன், அவர்களும் கொஞ்சம் கொடுத்து வைத்தவர்களாக இருந்து பார்க்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். அந்த அக்கறையிலிருந்து தப்பித்து, காஜாங்கில் பஸ் பிடித்து, தனியாக ஒரு சின்ன மலை ஏறி இறங்க நான் பட்ட பாட்டுக்கு அந்த மலையே தேவலாம்.

முதலிலிருந்து சொல்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் பல வருடம் கவுண்டரில் இருந்தேன். பல் பிடுங்க வந்தவர்களிடம் "பயப்படாதீங்க, ஒன்னும் இல்ல" என்று சொல்வதுதான் என் வேலையில் பாதி. ஓய்வு பெற்ற மறு வருடம், ஒரு சனிக்கிழமை காலையில் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது இடது கை கனத்தது. முதுகில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது மாதிரி இருந்தது. காற்றுப் பிடிப்பு என்று நினைத்தேன். வேர்த்துக் கொட்டியது. சிங்க்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு நான் சொன்னது ஒரே வாக்கியம்தான்.

"ஏங்க, நான் உக்காந்துட்டேன்."

அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அவர் வந்து பார்த்தார். என்னை அள்ளிக்கொண்டு லிஃப்டுக்கு ஓடினார். மீன் வாசனையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். இதயத்துக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். "நல்ல வேளை, சமயத்துக்குக் கொண்டாந்துட்டீங்க" என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த வார்த்தைதான் வினை. கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருந்தார்.

அவர் பண்டமாரானில் பிறந்து வளர்ந்தவர். கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மேலே தூக்கிய கண்டெய்னரைக் கீழே வைக்கிற வரைக்கும் கண்ணை எடுக்கக் கூடாது என்பது அவர்கள் வேலையின் சட்டம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் அந்தக் கண்டெய்னர் ஆனேன். குளியலறைக் கதவைத் தாழ் போடக் கூடாது. மீன், காய் வாங்கப் பாசாருக்குத் தனியாகப் போகக் கூடாது. மளிகைக் கடை எங்கள் ப்ளாட்டுக்குக் கீழேயே இருக்கிறது, அதற்கும் கூட வருவார். நான் கொஞ்சம் பெருமூச்சு விட்டால் போதும், நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை டப்பாவோடு முன்னால் நிற்பார். சீரியல் பார்த்துப் பெருமூச்சு விடக்கூட எனக்குச் சுதந்திரம் இல்லை.

டாக்டர் என்னவோ நல்ல பெண். "ஆன்டி, நடங்க. நல்லா நடங்க. சின்னச் சின்ன மேடு ஏறி எறங்குனா இன்னும் நல்லது" என்றாள். இவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாளே காரில் ஏற்றி ஒரு பார்க்குக்குக் கூட்டிப்போனார். சமதரையில் நான் நடக்க, இரண்டடி பின்னால் தண்ணீர் பாட்டிலோடு அவர். "மூச்சு வாங்குதா? உக்கார்றியா?" மூச்சு எனக்கு வாங்கவில்லை. உயிரை வாங்கியது அவர்தான்.

நானே தேடிப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. மலையேற்றம் என்றதும் கயிறும் கூடாரமும்தான் மனசில் வரும், ஆனால் கோலாலம்பூரைச் சுற்றி அடிவாரங்களில், பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே போய்விடுகிற மாதிரி சாதுவான பாதைகள் எத்தனையோ இருக்கின்றன. பெட்டாலிங் ஜெயாவில் காசிங் மலை இருக்கிறது. கெப்போங் பக்கம் காட்டுக்குள் தார் ரோட்டிலேயே நடக்கலாம். செராஸில் சீனத் தாத்தா பாட்டிகள் காலையில் ஏறி, மேலே உடற்பயிற்சி செய்துவிட்டு, இறங்கிப்போய் நூடல்ஸ் சாப்பிடுகிற ஒரு குன்று இருக்கிறது. அவர்களில் பாதிப் பேருக்கு என்னைவிட வயது அதிகம். எனக்கு மூத்த குடிமக்கள் கார்டு வேறு இருக்கிறது, டிக்கெட் பாதி விலை.

பஸ்ஸில் போகலாம் என்றேன். "கார் இருக்கும்போது எதுக்கு பஸ்ஸு?" என்றார். கார் என்றால் நீங்களும் வருவீர்களே என்று சொல்ல முடியுமா? சொல்லிவிட்டேன். எனக்கு மூக்கு மேல் கோபம் வரும், வந்தால் நிற்காது. "நான் பொழச்சு வந்தது இப்படி உக்காந்திருக்கவா? எனக்குத் தனியா போகணும். நானா பஸ் ஏறி, நானா நடந்து, நானா வீட்டுக்கு வரணும். இல்லன்னா பாதி ஆளாத்தான் இருப்பேன்" என்று கத்தினேன். அவர் பால்கனியில் போய் நின்றுகொண்டார். இரண்டு நாள் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின.

மூன்றாம் நாள் ஒப்பந்தத்துக்கு வந்தார். முதலில் சில வாரம் சேர்ந்து போகலாம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் போகலாம். "ஆனா ஏதாவது ஒன்னு ஆச்சுன்னா, சின்னதா ஒன்னு ஆனாலும், அதோட சரி. அப்புறம் என்னைக்கும் தனியாங்கற பேச்சே எடுக்கக் கூடாது." சரி என்றேன். பேரம் பேசுகிற நிலைமையில் நான் இல்லை.

சேர்ந்து போன கதை தனிக் கதை. காசிங்குக்குப் போகிற பஸ் தாமதம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பாதி ஏறுவதற்குள் முழங்கால் பிடித்துக்கொண்டது. கிரேன் கேபினில் உட்கார்ந்தே காலம் ஓட்டிய முட்டி அது. அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, "நீ போ, நான் இங்க இருந்து பாக்கறேன்" என்றார். மரங்களுக்கு நடுவில் எதைப் பார்ப்பாரோ தெரியாது. உலு லங்காட் பக்கம் ஒரு பாதைக்கு மட்டும் காரில் கூட்டிப்போனார். போன் வழி சொல்ல, அவர் ஓட்டினார். டுரியான் தோட்டத்துச் சந்தின் முனையில் காரை நிறுத்தி உள்ளேயே இருந்தார். நான் ஏறி இறங்கி வந்தபோது காருக்கு வெளியே குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தார். அந்தப் பாதை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அதன் பெயரை இங்கே சொல்ல மாட்டேன், நீங்கள் எல்லோரும் வந்துவிடுவீர்கள்.

அந்தப் பாதைக்கே நான் தனியாகப் போகிற ஞாயிறும் வந்தது. கிளம்புகிற நேரத்தில் ஒரு சட்டம் போட்டார். ஒவ்வொரு கட்டத்திலும் குரல் மெசேஜ் அனுப்ப வேண்டும். "எங்க இருக்க, எப்படி இருக்க. ரெண்டே விஷயம். கத வேணாம்" என்றார். துறைமுகத்தில் வாக்கி-டாக்கியில் பேசிப் பழகிய வாய். அவர் பங்குக்கு பதில் எப்போதும் ஒரு கட்டைவிரல் படம்தான்.

எம்ஆர்டி ரயிலில் ஏறியதும், "மியூசியம் ஸ்டேஷன். ஏறிட்டேன்." ஒரு கட்டைவிரல். காஜாங்கில், "காஜாங். நல்லா இருக்கேன்." இன்னொரு கட்டைவிரல். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு மலாய் அம்மா மடியில் கீரைக் கட்டோடு தூங்கிக்கொண்டு வந்தார். கடைகள் குறைந்து, வீடுகள் குறைந்து, ஜன்னலில் மலை பெரிதாகிக்கொண்டே வந்தது. எனக்குச் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமாக இருந்தது.

நான் இறங்க வேண்டிய இடம் வந்ததும் டிரைவர் திரும்பி, "பத்து லாப்பான் பெலாஸ்!" என்று சத்தம் போட்டார். மலாயில் பத்து என்றால் கல், லாப்பான் பெலாஸ் என்றால் பதினெட்டு. மைல் கல்லும் அதுதான். பதினெட்டாவது மைலில் இருக்கிற ஊருக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். பத்துமலையில் இருப்பதும் இதே பத்துதான். தமிழ்நாட்டிலிருந்து வந்த என் கணவரின் சொந்தக்காரர் ஒருவர் முருகனைக் கும்பிட்டுவிட்டு, மிச்சம் ஒன்பது மலை எங்கே என்று கேட்டார். எங்கள் பெரியவர்கள் பதினெட்டாங் கட்டை என்றுதான் சொல்வார்கள், மைல் கல்லுக்கு எங்கள் ஊர்த் தமிழில் கட்டை என்று பெயர். எனக்கு டிரைவர் சொன்னது வாயில் ஒட்டிக்கொண்டது. எண்ணை மட்டும் தமிழாக்கி, பத்து பதினெட்டு, பத்து பதினெட்டு என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன். "எறங்கிட்டேன், நடக்கப் போறேன்" என்று மட்டும் மெசேஜ் அனுப்பினேன்.

பாதையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் அதன் அழகு. டுரியான் தோட்டம், ஒரு சின்ன ஆறு, அதன் மேல் பலகைப் பாலம். பிறகு கவனிப்பாரில்லாமல் காடாகிப்போன ரப்பர் மரங்கள். ரப்பர் மரத்தைப் பார்த்துக் கண் கலங்குகிற ஆள் நானில்லை. எனக்கு அது நிழல், அவ்வளவுதான். அதைத் தாண்டினால் மூங்கில், வளைந்து வளைந்து ஏறும் மண் பாதை, மேலே ஒரு தட்டைப் பாறை. எதிரே இறங்கி வருகிறவர்கள் எல்லோரும் "சிக்கிட் லாகி" என்பார்கள், இன்னும் கொஞ்சம்தான் என்று. நம் நாட்டு மலைகளில் எந்த இனத்தாரும் கூசாமல் சொல்கிற பொய் அது. மேலே போய்ச் சேர இன்னும் எவ்வளவு இருந்தாலும் சிக்கிட் லாகிதான்.

பாறையில் உட்கார்ந்து சப்பாத்தியைச் சாப்பிட்டேன். முன்னால் பச்சை, அதற்குப் பின்னால் நீலம், மேலே மேகம். மூச்சு வாங்குதா என்று யாரும் கேட்கவில்லை. ஆனாலும் என் காது உள்ளேயேதான் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் நான் என் நெஞ்சை ஒட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் என்னைக் காவல் காத்தது வெளியிலிருந்து, நான் காவல் காத்தது உள்ளிருந்து. இதை அவரிடம் நான் சொன்னதே இல்லை.

இறங்கி பஸ் நிறுத்தத்துக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. உலு லங்காட் மழை சும்மா தூறாது, வானத்தைக் கவிழ்த்து ஊற்றும். தகரக் கூரைக்கு அடியில் பெஞ்சில் உட்கார்ந்தேன். வர வேண்டிய பஸ் வரவில்லை. அவருக்கு போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. மெசேஜ் மெசேஜ் என்று அனுப்பியும் மேலே படம் எடுத்தும் பேட்டரி சிவப்புக்கு வந்திருந்தது. அணைவதற்குள் சொல்லிவிடலாம் என்று, அவர் சொன்ன சட்டப்படி, முதலில் இடம், அடுத்தது நிலைமை: "பத்து பதினெட்டுல உக்காந்துட்டேன். ஒன்னும் பிரச்சன இல்ல, மழ, பஸ்ஸு லேட்டு, பயப்படாதீங்க." சொல்லும்போதே ஒரு மணல் லோரி தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போனது. மெசேஜ் போனதா என்று பார்ப்பதற்குள் போன் கண்ணை மூடிவிட்டது.

பக்கத்தில் ஒரு மக்சிக், அதாவது மலாய்க்காரப் பெரியம்மா, கடை போட்டிருந்தார். வாழைப்பழம் பொரிக்கிற வாசனை இழுத்தது. அங்கே போய் உட்கார்ந்து பாலில்லாத டீயாக ஒரு தே ஓவும் சூடாகப் பிசாங் கோரெங்கும் வாங்கினேன். "மழைன்னா பஸ்ஸு லேட்டுதான் காக்" என்றார் மக்சிக் மலாயில், என்னை அக்காவாக்கி. எனக்கு அவசரமே இல்லை. போனேன், ஏறினேன், இறங்கினேன், ஒன்றும் ஆகவில்லை. ஒப்பந்தத்தில் ஜெயித்துவிட்டேன். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை, இரண்டாவது டீ சொன்னேன்.

அது வந்து பாதி குடிப்பதற்குள் எங்கள் கார் என் முன்னால் போனது.

வேறு யார் காராகவும் இருக்க முடியாது. பின்னால் நசுங்கின பம்பரும், கண்ணாடியில் நான் ஒட்டிய திருநீற்றுப் பட்டையும் எனக்குத் தெரியாதா? எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஒரு பஸ் தாமதமாகக் கூடாது, உடனே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவதா? எழுந்து கையை ஆட்டினேன். கார் நிற்கவில்லை. நான் பார்த்தே இராத வேகத்தில் போய், டுரியான் தோட்டத்துச் சந்தில் திரும்பியது.

எதற்கு அங்கே போகிறார் என்று புரியவில்லை. மக்சிக்கிடம் வந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். மழை கொஞ்சம் விட்டிருந்தது. என்னவெல்லாம் திட்டலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன், நல்ல நல்ல வார்த்தைகளாகக் கிடைத்தன. சந்தின் முனையில் கார் கோணலாக நின்றது. கதவு திறந்து கிடந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை.

பூட்டிய காரைத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிற மனுஷர் அவர். எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்தேன். சேர்த்து வைத்த திட்டெல்லாம் மறந்துபோனது. இந்த முட்டியை வைத்துக்கொண்டு, இந்த வழுக்கலில், எதைப் பார்த்து இப்படி ஓடினார்?

பலகைப் பாலத்தில் ஒரு சீன அங்கிள் குச்சி ஊன்றி இறங்கிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே மலாயில் கேட்டார். "சரோங் கட்டுன அங்கிள், உங்க ஆளா? மேல போறாரு. சத்தம் போட்டுக்கிட்டே போறாரு." எவ்வளவு தூரத்தில் என்று கேட்டேன். "சிக்கிட் லாகி" என்றார். அவரை அந்த நிமிடம் ஆற்றில் தள்ளியிருப்பேன்.

ஏறினேன். ரப்பர் மரங்களைத் தாண்டினேன். "ஏங்க! ஏங்க!" என்று கத்தினேன். மூங்கிலுக்கு மேலிருந்து ஒரு குரல் வந்தது. கம்மிப்போன குரல். என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்கு வைத்த பெயர் "ஏம்மா"தான். என் பெயரை அவர் வாயால் கேட்டது ஆஸ்பத்திரிக் கவுண்டரில் பதிவு செய்தபோது மட்டும்தான். அதைக் காட்டுக்குள் கேட்டதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சேற்றில் வேரைப் பிடித்து, மூங்கிலைப் பிடித்து, மண் பாதையின் வளைவுகளை ஒரே மூச்சில் ஏறினேன்.

இரண்டாவது வளைவில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக் கைலி, பனியன், காலில் செலிப்பார் ஜெப்பூன் என்கிற ரப்பர் செருப்பு ஒன்றுதான் இருந்தது, மற்றது சேற்றில் போய்விட்டது. கணுக்காலில் ஓர் அட்டை சாவகாசமாகக் குடித்துக்கொண்டிருந்தது. முட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் என் மாத்திரை டப்பாவை இறுக்கி வைத்திருந்தார். என்னைப் பேயைப் பார்ப்பது போலப் பார்த்தார். மலை உச்சியில் என்னைத் தேடிப் போகிறவரிடம் நான் கீழேயிருந்து வந்து நிற்கிறேன்.

"எந்திரிச்சிட்டியா?" என்றார்.

"எங்கிருந்துங்க எந்திரிக்கணும்?"

"பத்து பதினெட்டுல உக்காந்துட்டேன்னு சொன்னியே!"

"ஆமா, உக்காந்தேன். இப்ப வரைக்கும் அங்கதான் இருந்தேன்."

"பத்து பதினெட்டுல இருந்தா? இவ்ளோ நேரமாவா? நெஞ்சு வலிக்குதா? இந்தா, வாயத் தொற." டப்பா மூடியைப் பல்லால் கடித்துத் திறக்கப் பார்த்தார்.

"எனக்கு ஒன்னும் இல்லங்க. பஸ் ஸ்டாப்புல உக்காந்து டீ குடிச்சேன்."

"பத்து பதினெட்டுக்கு மேலதான ஏறிக்கிட்டு இருந்திருப்ப? பஸ் ஸ்டாப்புக்கு எப்படி வந்த?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. லோரிச் சத்தத்தில் பின்பாதி அவருக்குக் கேட்கவில்லை. கேட்ட முன்பாதியும் அவருக்கு நேரமாகத்தான் கேட்டிருக்கிறது. காலையில் பத்து பதினெட்டுக்கு மலையில் உட்கார்ந்தவள், மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்காமல், போனும் எடுக்காமல் கிடக்கிறாள்.

"ஐயோ, பத்து பதினெட்டு நேரம் இல்லங்க, ஊரு! கல்லு! பத்து லாப்பான் பெலாஸ்!"

அவர் வாயைத் திறந்தபடி இருந்தார். ஒவ்வொன்றாக அவர் தலைக்குள் போய்ச் சேர்வது முகத்தில் தெரிந்தது. பிறகு காடே அதிர்கிற மாதிரி கத்தினார். "பதினெட்டாங் கட்டைன்னு சொன்னா என்ன, வாய் வலிக்குமா லா? தமிழ்ல பொறந்து தமிழ்ல வளந்தவதான நீ?"

"கட்டைன்னு சொன்னா மட்டும்? ஒரு கட்ட சாஞ்சிடுச்சுன்னு நெனச்சு ஆம்புலன்ஸோட வந்திருப்பீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க அதிகமானது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தார் என்று எனக்குத் தெரியவில்லை. கைலியின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஆஸ்பத்திரியில்கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"மழையா, லோரியா எனக்கு என்ன தெரியும்," என்றார், முகத்தை மூடியபடியே. "உக்காந்துட்டேன்னு சொன்ன. அவ்ளோதான் கேட்டிச்சு. அன்னைக்கும் அதேதான சொன்ன. அதே மாதிரிதான சொன்ன."

மீன் கழுவிக்கொண்டிருந்த அந்தக் காலையில் அந்த வார்த்தையைச் சொன்னது நான், கேட்டது அவர். சொன்னவளுக்கு அது மறந்துபோனது. கேட்டவர் தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவர் பக்கத்தில் அந்த ஈரக் கல்லில் உட்கார்ந்து, அவர் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். எனக்கு இந்த மனுஷர் மேல் இருந்த எரிச்சலெல்லாம் போன இடம் தெரியவில்லை. அவர் இருக்கிறார், நான் இருக்கிறேன், போதும் என்றிருந்தது.

அட்டையைப் பிடுங்கும்போதுதான் வேறொன்று நினைவுக்கு வந்தது. சந்து முனையிலிருந்து இந்தக் கல் வரைக்கும், அன்றைக்கு இரண்டாவது தடவையாக ஏறி வந்திருக்கிறேன். அதுவும் ஓட்டமாக. வழியில் ஒரு தடவைகூட என் நெஞ்சை ஒட்டுக் கேட்கவில்லை. அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறது, என்னைக் கேட்காமலேயே. இத்தனை நாள் தலையில் வைத்திருந்த சுமையை யாரோ இறக்கி வைத்தது மாதிரி இருந்தது. அந்தச் சேற்றில் உட்கார்ந்து வாய்விட்டு மூச்சை விட்டேன். நல்ல நீளமான பெருமூச்சு. அவர் டப்பாவைத் தேடவில்லை.

இறங்குவதற்குத்தான் நேரம் பிடித்தது. ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை, முட்டி மடங்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் முன்னால், அவர் இரண்டடி பின்னால். "மூச்சு வாங்குதா? உக்கார்றீங்களா?" என்று கேட்டேன். முறைத்தார்.

மக்சிக் கடையில் டீக்குக் காசு கொடுத்துவிட்டு அவருக்கும் ஒரு தே ஓ வாங்கினேன். அவர் கடையையும், பஸ் நிறுத்தத்தையும், அதற்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்த ஊர்ப் பெயரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் காத்திருந்தேன். சின்னதாக ஒன்று ஆனாலும் அதோடு சரி என்பதுதான் பேச்சு. இது சின்னதுகூட இல்லை. கார் கதவு திறந்து கிடந்ததையும், ஒற்றைச் செருப்பையும் நினைத்தால் எனக்கே இனி கேட்க வாய் வராது என்று தோன்றியது. பஸ் ஒன்று வந்து, யாரையோ இறக்கிவிட்டு, காஜாங் பக்கம் போனது.

டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"ரெண்டு தடவ ஏறிட்ட நீ."

"ஆமா."

"என்னால ஒரு தடவகூட முடியல."

"நீங்க ஒத்தச் செருப்போட போனீங்க."

"இல்லம்மா." டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "அடுத்த ஞாயித்துக்கெழமையும் போ. தனியாவே போ. ஆனா அந்த ஒரு வார்த்தைய மட்டும் எங்கிட்ட சொல்லாத. வேற என்ன வேணாலும் சொல்லு."

சரி என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் ஏதாவது சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், கடையில் நாலு பேர் இருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு தனியாகப் போனேன். மழை இல்லை. மேலே போய்விட்டு இறங்கி வந்து, அதே தகரக் கூரைக்கு அடியில், அதே பெஞ்சில், காலை நீட்டி உட்கார்ந்தேன். சுகமாக வலித்தது. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. மெசேஜ் சொல்லப் போனை எடுத்தேன். வாய் வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்கினேன். அவரிடம் பொய்யும் சொல்லக் கூடாது. அதனால் எழுந்து நின்று, சேலையைச் சரி செய்துகொண்டு, பொத்தானை அழுத்தினேன்.

"பதினெட்டாங் கட்ட. நின்னுக்கிட்டு இருக்கேன்."

கட்டைவிரலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவருடைய குரல் வந்தது. போனைக் காதோடு வைத்துக் கேட்டேன்.

"சரிம்மா. கால் வலிக்கும். உக்காரு."

உட்கார்ந்தேன்.